பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்து சீசனை முழுதாக ஆடி முடிக்க: படிப்படியான வழிகாட்டி

பள்ளி அணிக்கு முதல் முறையாக முயற்சி செய்யும் 13 முதல் 17 வயது வரையிலான மாணவ மாணவிகளுக்காக இதை எழுதுகிறேன். நண்பர்களோடு ஆடிப் பழகியிருப்பீர்கள். பந்தைக் கண்டால் கால் பரபரக்கும். ஆனால் கோச், விசில், அட்டவணை, பெஞ்ச் எல்லாம் புதிது.

பள்ளி அணிகளோடு மைதானத்தில் நின்று பார்த்ததில் ஒன்று சொல்ல முடியும். ஆட்டம் வராமல் வெளியே போகிறவர்கள் குறைவு. செய்ய வேண்டியதை முன்பின் மாற்றிச் செய்து வெளியே போகிறவர்களே அதிகம். ட்ரையல்ஸுக்கு, அதாவது அணித் தேர்வுக்கு, முந்தின நாள் புது பூட்ஸ் வாங்குவார்கள், கடைசி வாரத்தில் ஓட ஆரம்பிப்பார்கள், மதிப்பெண் சரிந்த பிறகு கோச்சிடம் பேசுவார்கள். மூன்றையும் சில வாரங்கள் முன்னால் செய்திருந்தால் சிக்கலே வந்திருக்காது. அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். ட்ரையல்ஸுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

1. முதலில் காகித வேலையும் மருத்துவப் பரிசோதனையும்

சுவாரசியமே இல்லாத வேலை இது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தக்கூடியதும் இதுதான். பெற்றோர் ஒப்புதல், வயதுச் சான்று, மருத்துவச் சான்று, குறைந்தபட்ச மதிப்பெண், வருகைப் பதிவு என்று பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். உங்கள் பள்ளியில் எது கேட்கிறார்கள், கடைசித் தேதி என்ன என்று விளையாட்டு ஆசிரியரிடம் நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஆடிய அண்ணனிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். விதி மாறியிருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது, 'கையெழுத்து மட்டும் போடுங்க டாக்டர்' என்று நீட்டாதீர்கள். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா, நெஞ்சு வலி வந்திருக்கிறதா, மூச்சு வாங்குவது மற்றவர்களைவிட அதிகமாக இருக்கிறதா, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்பதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். சில இதயக் கோளாறுகள் சாதாரண நாளில் தலைகாட்டாது, வேகமாக ஓடும்போதுதான் தெரியும். ஆஸ்துமா இருந்தால் மறைக்க வேண்டாம். இன்ஹேலர் வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது பையில் எந்த அறையில் இருக்கிறது என்று கோச்சுக்குத் தெரிந்தால் போதும்.

2. வாரத்தைத் தாளில் போட்டுப் பார்ப்பது

ஒரு தாளில் ஏழு நாட்களையும் கட்டம் போடுங்கள். பள்ளி நேரம், பயண நேரம், பயிற்சி, சாப்பாடு எல்லாவற்றையும் நிரப்புங்கள். அப்புறம் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு இரவில் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. அதை மிச்சம் கிடைத்த இடத்தில் போடாதீர்கள், முதலிலேயே அடைத்துவிடுங்கள். தூக்கம் குறைந்தால் அடி படுவதும் அதிகம், பாடம் மண்டையில் ஏறுவதும் குறைவு.

இத்தனையும் போக மிச்சம் தெரிவதுதான் படிக்கும் நேரம். பலருக்கு இந்த இடத்தில்தான் திடுக்கென்று இருக்கும். பயிற்சி முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு கணக்குப் போட உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் சொக்கும். அதனால் மூளையைக் கசக்கும் பாடத்தைப் பயிற்சிக்கு முன்னாலோ காலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் அரை மணி நேரம் கிடைத்தாலும் அது பெரிய விஷயம். பயிற்சிக்குப் பின்னால் எழுத்து வேலை, படம் வரைவது, மறுநாள் பையை அடுக்குவது போன்ற லேசான வேலைகள்.

அடுத்து, தேர்வு அட்டவணையையும் போட்டி அட்டவணையையும் ஒரே நாள்காட்டியில் எழுதுங்கள். இரண்டும் மோதும் வாரங்கள் கட்டாயம் இருக்கும். அந்த வாரங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, குறைந்தது இரண்டு வாரம் முன்பே பாட ஆசிரியரிடமும் கோச்சிடமும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அது திட்டம். முந்தின நாள் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. பள்ளி அணி, வெளியே ஒரு கிளப், கூடவே தனிப் பயிற்சி என்று மூன்று இடத்தில் ஆடுகிறவர்கள் மொத்த மணிநேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வாரப் பயிற்சி நேரம் உங்கள் வயதைத் தாண்டக் கூடாது என்பது இளம் வீரர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. 14 வயது என்றால் 14 மணி நேரத்துக்குள். வாரத்தில் ஒரு நாளாவது பந்தையே தொடாமல் இருங்கள். ஒவ்வொரு கோச்சுக்கும் தன்னிடம் நடக்கும் பயிற்சி மட்டும்தான் தெரியும், மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

3. சாமான்கள்: எதை முதலில் வாங்குவது

பூட்ஸ்தான் முதலில். காரணம், பழக நேரம் வேண்டும். ட்ரையல்ஸுக்கு மூன்று வாரம் முன்பாவது காலில் ஏறியிருக்க வேண்டும். முதல் சில நாள் வீட்டுக்குள் போட்டு நடங்கள், பிறகு 20 நிமிடம் லேசான பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி. புது பூட்ஸோடு நேரே ட்ரையல்ஸுக்குப் போகிறவரை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். குதிகாலில் கொப்புளத்தோடு விந்தி விந்தி நடந்துகொண்டிருப்பார்.

வாங்கும்போது மாலையில் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். ஆட்டத்துக்குப் போடும் தடித்த சாக்ஸை எடுத்துப் போய் அதோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் அகல இடம் போதும். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு கூட்டி வாங்கிக் கொடுப்பது பெற்றோர் வழக்கம். கால் உள்ளே வழுக்கினால் கொப்புளமும் வரும், பந்தின் மேல் கட்டுப்பாடும் போகும். இந்த ஒன்றில் மட்டும் வீட்டில் கொஞ்சம் அடம்பிடியுங்கள்.

அடிப்பாகம் மைதானத்தைப் பொறுத்தது. காய்ந்த புல்தரைக்கு வார்ப்பு ஸ்டட் (பூட்ஸ் அடியில் உள்ள குமிழ்கள், அடியோடு சேர்த்தே வார்த்தவை), சேறும் ஈரமுமான தரைக்கு நீளமான திருகு ஸ்டட், செயற்கைப் புல்லுக்குக் குட்டையான நிறைய ஸ்டட், உள்ளரங்கத்துக்குத் தட்டை அடி. நீளமான ஸ்டட்டைச் செயற்கைப் புல்லில் போட்டால் கால் தரையில் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பும். முழங்காலுக்கு அது ஆகாது. பள்ளி மைதானம் எப்படி என்று பார்த்த பிறகே கடைக்குப் போங்கள்.

அடுத்தது ஷின் கார்டு, முன்னங்காலில் அடிபடாமல் காக்கும் தகடு. ஆட்ட விதியிலேயே கட்டாயம், சாக்ஸ் அதை முழுதாக மூட வேண்டும். கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரை வரவேண்டும். உள்ளங்கை அகலத்துக்குப் பெயருக்கு ஒன்றைச் செருகிக்கொள்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியது. பள்ளி ஆட்டத்தில் குறி தவறிய உதைகள் அதிகம், முழு அளவே நல்லது.

கம்மல், மோதிரம், கயிறு, சங்கிலி எதுவும் களத்தில் கூடாது. டேப் போட்டு மறைத்தாலும் நடுவர் வெளியே அனுப்புவார். காது குத்திக்கொள்ளத் திட்டம் இருந்தால் சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இடையில் குத்தினால் கழற்றவும் முடியாது, ஆடவும் முடியாது.

தனியாகப் பழக ஒரு பந்து வேண்டும். இந்த வயதுக்கு 5-ஆம் எண் பந்து. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். சிறுவயதில் வாங்கிய 4-ஆம் எண் பந்திலேயே பழகிவிட்டு வந்தால் ட்ரையல்ஸில் ஒவ்வொரு பாஸும் பாதி வழியில் நிற்கும்.

4. உடம்பைத் தயார் செய்வது

தினமும் ஐந்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓடிவிட்டு 'ஸ்டாமினா வந்துடுச்சு' என்று வருவார்கள். ட்ரையல்ஸில் பத்தாவது நிமிடமே இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். கால்பந்தில் யாரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடை, மெல்லோட்டம், சட்டென்று 15 மீட்டர் பாய்ச்சல், நிறுத்தம், திரும்பல், மறுபடி பாய்ச்சல். உடம்பை இதற்குத்தான் பழக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அடித்தளம். வாரம் மூன்று நாள், 20 முதல் 25 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். இதைத் தாண்டிக் குதித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் இடைவெளி ஓட்டம். 15 விநாடி வேகமாக, 15 விநாடி நடை என்று ஆறு நிமிடம். மூன்று நிமிட ஓய்வு. மறுபடி ஆறு நிமிடம். வாரம் இரண்டு நாள் போதும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து திரும்பல்கள். 5, 10, 15 மீட்டரில் அடையாளம் வைத்து, ஓடித் தொட்டுத் திரும்பி வருவது. திரும்பும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், முழங்கால் உள்பக்கமாகச் சரியக் கூடாது. கண்ணாடி முன்னால் மெதுவாகச் செய்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். மாணவிகள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது பெண்களிடம் ஆண்களைவிட அதிகம், அதிலும் யாரும் மோதாமல் தானாகத் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் கிழிவதே அதிகம்.

ஒவ்வொரு முறையும் வார்ம்-அப் செய்யாமல் தொடங்காதீர்கள். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் ஃபிஃபா 11 பிளஸ் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 பயிற்சிகள், மூன்று பகுதி: மெல்லோட்டம், பிறகு பலமும் சமநிலையும், கடைசியில் வேக ஓட்டம். சுமார் 20 நிமிடம், ஒரு பந்து தவிர வேறு கருவி வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன். நடுப்பகுதியில் தொடையின் பின்தசைக்கு ஒரு பயிற்சி வரும். முழங்காலிட்டு நிற்க, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய வேண்டும். முதல் நாளே நிறையச் செய்தால் மறுநாள் படி இறங்க முடியாது. மூன்று அல்லது ஐந்து முறையோடு நிறுத்துங்கள்.

வளரும் வயதில் இரண்டு இடத்து வலி அடிக்கடி வரும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது ஒன்று, குதிகாலின் பின்பக்கம் வலிப்பது இன்னொன்று. எலும்பு வேகமாக வளர, அதோடு ஒட்டிய தசைநார் அந்த வளர்ச்சிப் பகுதியை இழுப்பதால் வருகிறது. பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் போய்விடும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. பந்தோடு தனியாக: இரண்டே வேலை

புதியவர்கள் தனியாகப் பழகும்போது கோலை நோக்கி உதைப்பார்கள், அல்லது வீடியோவில் பார்த்த தந்திரங்களைப் பழகுவார்கள். ஒரு முழு ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரம் மொத்தமே ஓரிரு நிமிடம்தான். அந்த நிமிடங்களில் பெரும்பகுதி பந்தை வாங்குவதும் கொடுப்பதும். அதனால் முதல் தொடுகையையும் பாஸையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சுவர் போதும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று உள்பாதத்தால் தட்டுங்கள். நிற்கும் கால் பந்துக்குப் பக்கத்தில், அதன் விரல்கள் பந்து போக வேண்டிய திசையில். அடிக்கும் காலின் கணுக்கால் விறைப்பாக. கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் பந்து துள்ளிக்கொண்டே போகும், வாங்குகிறவருக்குத் தொல்லை. வலது காலில் 50 அடித்தால் இடது காலில் 100 அடியுங்கள். இடது காலுக்காரர்களுக்கு அப்படியே மாற்றி.

இப்போது முக்கியமான பகுதி. சுவரிலிருந்து வரும் பந்தை நேருக்கு நேர் நின்று காலடியில் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள பாதி மைதானம் உங்களுக்குத் தெரியாது, அதற்குள் எதிராளி வந்துவிடுவார். பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு தோள் சுவரைப் பார்க்க, மறு தோள் நீங்கள் போகப்போகும் பக்கம் பார்க்க நில்லுங்கள். பந்தைத் தூரத்துக் காலின் உள்பாதத்தால் வாங்கி, அதே தொடுகையில் ஒரு மீட்டர் முன்னால் தள்ளுங்கள். பந்து காலில் படும் நொடியில் பாதத்தை லேசாகப் பின்னிழுத்தால் வேகம் அடங்கும். அடுத்த அடியில் நீங்கள் ஓடத் தயாராக இருப்பீர்கள். ஒரு வாரம் கோணலாகத்தான் வரும், பிறகு பிடிபடும்.

இதோடு தலையைத் திருப்பும் பழக்கம். பந்து சுவரை நோக்கிப் போகும்போதே தோளுக்கு மேல் ஒரு பார்வை, திரும்பி வருவதற்குள் இன்னொரு பார்வை. தம்பியோ தங்கையோ பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும், நீங்கள் பந்தை வாங்குமுன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். ஸ்பெயினின் நடுகள வீரர் சாவி (Xavi) ஆடிய பழைய ஆட்டம் ஏதாவது கிடைத்தால் பந்தைப் பார்க்காமல் அவர் தலையை மட்டும் பாருங்கள். ஓய்வே இல்லாமல் திரும்பிக்கொண்டிருக்கும்.

தலையால் முட்டுவதைத் தனியாகப் பழக வேண்டாம். கோச் சொல்லிக்கொடுக்கட்டும். 12, 13 வயதில் அதைக் குறைவாகவே பழக வேண்டும். சில நாடுகளில் சிறுவர்களுக்குத் தடையே உண்டு.

6. ட்ரையல்ஸ் நாள்

அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர், ஷின் கார்டு, மாற்று சாக்ஸ், படிவங்கள் முந்தின இரவே பையில் இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால் 'எங்க வேணா ஆடுவேன் சார்' என்பதுதான் எல்லோருடைய பதில். கோச்சுக்கு அது எதையும் சொல்வதில்லை. இரண்டு இடம் சொல்லுங்கள்: முதல் விருப்பம் இது, தேவைப்பட்டால் இது. எல்லோரும் ஸ்ட்ரைக்கர் என்று எழுதும் பட்டியலில் லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாளர்) என்று எழுதியவர் தனியாகத் தெரிவார். இடது கால் வரும் என்றால் தயங்காமல் அதைச் சொல்லுங்கள்.

சின்ன ஆட்டம் தொடங்கியதும் ஒவ்வொரு பந்தையும் துரத்தி ஓடாதீர்கள். பந்து எதிரணியிடம் போனதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கோச் பார்க்கிறார். கை விரித்து நின்று பாஸ் கொடுத்தவரைத் திட்டுகிறீர்களா, உடனே திரும்பி ஓடுகிறீர்களா? ஒரு நல்ல டிரிப்ளிங் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். தவறவிட்ட பந்துக்காக 20 மீட்டர் திரும்பி ஓடியவரின் பெயருக்கு நேரே டிக் விழும்.

பேசுங்கள். நீளமாக அல்ல. 'பின்னாடி ஆள்', 'நேரம் இருக்கு', 'திரும்பு', 'எனக்கு' போன்ற ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பாஸ் கொடுக்கும்போதே சொன்னால் வாங்குகிறவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்திருப்பார். அமைதியாக ஆடுகிறவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். சுவர்ப் பயிற்சியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பெயர் பட்டியலில் வராவிட்டால், இரண்டு நாள் கழித்துக் கோச்சிடம் தனியாகப் போய் 'அடுத்த முறைக்குள் நான் எதைச் சரிசெய்யணும் சார்?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்று கேட்டால் விளக்கம் கிடைக்கும். முதல் கேள்விக்குத்தான் வேலை கிடைக்கும். இரண்டாம் அணி, இளையோர் அணி இருந்தால் மறுக்காமல் சேருங்கள். மேல் அணியில் பெஞ்சில் உட்காருவதைவிட அங்கே முழு நேரம் ஆடுவது பல சமயம் பயன்.

7. அணியில் முதல் சில வாரங்கள்

விதிகளைப் படிக்காமல் அணிக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலோர். நான்கை மட்டும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆஃப்சைடு நிலையில் (எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டி அவர்கள் கோலுக்கு நெருக்கமாக) நிற்பது மட்டும் குற்றமல்ல, அந்த நிலையிலிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேராக வாங்கும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. த்ரோ-இன் எறியும்போது இரண்டு பாதத்திலும் ஏதாவது ஒரு பகுதி தரையில் இருக்க வேண்டும், பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வரவேண்டும். 2019-லிருந்து கோல் கிக்கின்போது பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உள்ளேயே சக வீரர் வாங்கலாம். கடைசியில் சொன்னது தெரியாமல் எதிரணி ஸ்ட்ரைக்கர் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதை இன்றும் பார்க்கலாம்.

பெஞ்சில் உட்காரும் நாட்கள் வரும். முதல் வருடத்தில் அதுதான் இயல்பு. போனைப் பையில் வைத்துவிட்டு, உங்கள் இடத்தில் ஆடுகிறவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். எதிரணி விங்கர் எந்தக் காலில் வெட்டுகிறார், கார்னரில் யாரை யார் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். இறக்கிவிட்டதும் முதல் நிமிடத்திலேயே அது கைகொடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கோட்டோரமாக லேசாக ஓடுங்கள். குளிர்ந்த தசையோடு நேரே பாய்ந்தால் தொடைத் தசைதான் முதலில் பிடிக்கும்.

பெற்றோருக்கு ஒரு வரி: கோட்டுக்கு வெளியிலிருந்து 'அடி! பாஸ் பண்ணு!' என்று கத்தினால் பிள்ளைக்கு இரண்டு கோச் ஆகிவிடும். கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. போட்டி நாள்

ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு முழுச் சாப்பாடு. மாவுச்சத்து அதிகமாக, எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவாக. ஒரு மணி நேரம் முன்பு பசித்தால் ஒரு பழம். இதுவரை சாப்பிடாத எதையும் போட்டி நாளில் முயற்சி செய்யாதீர்கள். ஆற்றல் பானம் என்று விற்கும் காஃபீன் பானங்கள் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். படபடப்பும் கெட்டுப்போன தூக்கமும்தான் மிஞ்சும்.

தண்ணீரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு. விசில் அடிக்கும் முன் ஒரு லிட்டரை மடமடவென்று குடித்தால் வயிற்றில் குலுங்கிக்கொண்டே ஓடுவீர்கள். வெயில் காலத்தில் சீசன் தொடங்கினால், உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் தீவிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். யாராவது குழறிப் பேசினாலோ நடை தடுமாறினாலோ ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரால் உடம்பை நனைத்துக்கொண்டே மருத்துவ உதவிக்கு அழையுங்கள். குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

முடிந்ததும் ஐந்து நிமிடம் நடந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டு, அன்றிரவு நேரத்தோடு படுங்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றிய அரட்டைக் குழுவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

9. அடிபட்டால்

தலையில் அடி என்றால் பேச்சுக்கே இடமில்லை, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வந்தே ஆகவேண்டும் என்றில்லை. தலைவலி, மந்தம், வெளிச்சம் உறுத்துவது, ஸ்கோர் மறந்துபோவது, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் எல்லாமே அறிகுறிதான். சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, நினைவு மங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனை. நண்பனுக்கு இப்படி இருப்பதை நீங்கள் பார்த்தால் அவன் 'சொல்லாதடா' என்றாலும் கோச்சிடம் சொல்லுங்கள்.

திரும்பி வருவது படிப்படியாக நடக்கும். முதல் ஓரிரு நாள் ஓய்வும் லேசான நடமாட்டமும். முழுமையாகப் பள்ளிக்கும் பாடத்துக்கும் திரும்பிய பிறகுதான் முழு ஆட்டம். மெல்லோட்டம், பந்தோடு பயிற்சி, மோதல் உள்ள பயிற்சி, போட்டி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் உள்ள பயிற்சிக்கு முன் மருத்துவர் ஒப்புதல் வேண்டும்.

கணுக்கால் பிசகினால் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை, அல்லது எலும்பைத் தொட்டால் வலி உயிர்போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முடிந்தால், கட்டுப்போட்டு உயர்த்தி வைத்து, வலி விடும் அளவுக்கு மெல்ல அசையுங்கள். வீக்கம் போய்விட்டது என்பதற்காக ஆடப் போகாதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி தடுமாறாமல் நிற்கவும், அந்தக் காலால் குதித்து இறங்கவும் முடிய வேண்டும். சமநிலை திரும்பாமல் இறங்குகிறவர்களுக்கு அதே கணுக்கால் மறுபடி பிசகும்.

10. சீசன் முடிந்த வாரம்

கடைசிப் போட்டி முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் பந்தை ஓரமாக வையுங்கள். நீச்சல், சைக்கிள், வேறு ஏதாவது ஆடலாம்.

அந்த இடைவெளியில் கோச்சிடம் ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நன்றாகச் செய்தது ஒன்று, அடுத்த சீசனுக்குள் மாற வேண்டியது ஒன்று, இரண்டையும் அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பூட்ஸைக் கழுவிக் காயவைத்து அளவு பாருங்கள், இந்த வயதில் ஒரு வருடத்தில் கால் வளர்ந்துவிடும். சிறியதாகிவிட்டால் அணிக்குப் புதிதாக வரும் யாருக்காவது கொடுங்கள். அவருக்குப் பழக்கப்பட்ட பூட்ஸ் கிடைத்த மாதிரியும் இருக்கும்.